மன அதிர்ச்சிக்கும் பதற்றத்துக்கும் உளவியல் சிகிச்சை: முதல் சந்திப்பிலிருந்து கடைசி அமர்வு வரை

சிகிச்சைக்கு முதன்முறை வருகிறவர் எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்று கவனிப்பேன். மன அதிர்ச்சியைச் சுமந்து வருகிறவர்களில் பலர் கதவு கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, முதுகைச் சுவரோரம் வைத்து உட்காருவார்கள். வெளியே யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் பேச்சு பாதியில் நிற்கும், தோள் ஒரு தடவை தூக்கிப்போடும். நடந்தது எட்டு வருடத்துக்கு முன்பாக இருக்கலாம். அது முடிந்துவிட்டது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். உடம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

மருத்துவ உளவியலாளராக நான் அதிகம் கேட்ட கேள்வி, “அதை மறக்க வைத்துவிடுவீர்களா?” என்பதுதான். மறக்க வைக்க முடியாது. ஆனால் நினைவு வரும்போதெல்லாம் ஆளையே அந்த நாளுக்கு இழுத்துக்கொண்டு போகாமல், வருத்தமான ஒரு பழைய நினைவாக வந்து போகும் நிலைக்குக் கொண்டுவர முடியும். அதை எப்படிச் செய்கிறோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். இடையில் உதாரணமாக ஒரு பெண் வருவார். பலருடைய அனுபவங்களைச் சேர்த்து நான் உருவாக்கியவர் அவர்.

படி 1: முதல் சந்திப்பு

முதல் நாளே முழுக் கதையையும் சொல்ல வேண்டும் என்ற பயத்தில்தான் பலர் வருவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. “ஒரு விபத்து”, “சின்ன வயதில் ஒருவர் தவறாக நடந்துகொண்டார்” என்று ஒரே வரியில் சொன்னால் போதும். அன்றைக்கு எனக்குத் தெரிய வேண்டியவை வேறு. தூக்கம் எப்படி இருக்கிறது, எந்தெந்த இடங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள், மது அல்லது மாத்திரையை நம்பி நாளை ஓட்டுகிறீர்களா, இப்போது இருக்கும் இடம் பாதுகாப்பானதா.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்பேன். கேட்டால் அந்த எண்ணம் கிளம்பிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டதும் பலருக்கு மூச்சு விட்டது போல இருக்கும். அந்த எண்ணம் தீவிரமாக இருந்தால் மற்ற எல்லாம் பிறகுதான். இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போது அப்படி இருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு, நம்பும் ஒருவரை அழையுங்கள். அல்லது உங்கள் ஊரின் அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

ரகசியம் பற்றியும் அன்றே பேசிவிடுவோம். நீங்கள் சொல்வது அறையை விட்டுப் போகாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு போன்ற சில சூழ்நிலைகள் மட்டும் விதிவிலக்கு. அவை எவை என்று உளவியலாளர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

படி 2: இது என்ன என்று சரியாகக் கண்டுபிடிப்பது

மன அதிர்ச்சியும் பதற்றமும் நெருங்கிய உறவுக்காரர்கள். ஆனால் ஒன்றே இல்லை. பதற்றம் வரப்போவதை நினைத்து நடுங்கும்: “ஏதாவது ஆகிவிட்டால்?” மன அதிர்ச்சி நடந்துபோனதை இப்போது நடப்பதாகவே உணர வைக்கும். மன அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் இந்தக் கோளாறுக்குப் பிடிஎஸ்டி என்று பெயர். அந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் 1980ல் இடம்பிடித்தது. முதலில் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். 2013ல் தனி அத்தியாயமாகப் பிரித்தார்கள். குற்றவுணர்வு, வெட்கம், கோபம், உணர்ச்சியே மரத்துப்போவது என்று அதற்குள் பயத்தைத் தாண்டியும் நிறைய இருக்கிறது.

கொடுமையான அனுபவம் நேர்ந்த எல்லோருக்கும் பிடிஎஸ்டி வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது அப்படி ஒன்றைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பிடிஎஸ்டி வருவது 5.6 சதவீதம் பேருக்கு. முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும், திடுக்கிடுவதும், காட்சிகள் கண்முன் வருவதும் இயல்பு. பெரும்பாலானவர்களுக்குத் தானே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்து, வேலையையோ உறவுகளையோ குலைத்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வோம்.

இதனால்தான், சம்பவம் நடந்த மறுநாளே ஒருவரை உட்காரவைத்து “எல்லாவற்றையும் கொட்டிவிடு” என்று வற்புறுத்தக் கூடாது. அப்படி ஒரே அமர்வில் பேச வைப்பது பின்னால் பிடிஎஸ்டி வராமல் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின, சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது. அந்த நேரத்தில் தேவைப்படுவது தூங்க ஒரு பத்திரமான இடம், பக்கத்தில் ஒரு மனிதர், அடுத்து என்ன செய்வது என்ற தகவல்.

அளவிடச் சில கேள்வித்தாள்கள் உண்டு. பிடிஎஸ்டிக்கான பிசிஎல்-5 என்பதில் 20 கேள்விகள், மொத்தம் 80 மதிப்பெண். பதற்றத்துக்கான ஜிஏடி-7 என்பதில் 7 கேள்விகள், மொத்தம் 21. இதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் தீவிரமாகப் பார்ப்போம். தாள் மட்டும் நோயைச் சொல்லிவிடாது. சில வாரங்களுக்கு ஒருமுறை நிரப்பும்போது சிகிச்சை வேலை செய்கிறதா என்று இருவருக்கும் தெரியும், அதற்காகத்தான் இது.

உடல் பரிசோதனையையும் தவிர்க்க வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் பதற்றம் போலவே தெரியும். காபியை அளவுக்கு மீறிக் குடித்தாலும் அப்படித்தான்.

படி 3: ஏன் இப்படி ஆகிறது என்று புரியவைப்பது

“எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?” என்று கேட்டவர்களை இந்தக் கட்டம்தான் நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆபத்து நேரத்தில் மூளை உயிரைக் காப்பாற்றும் வேலையில் முழுகிவிடுகிறது. எது முதலில் நடந்தது, எது பிறகு, எப்போது முடிந்தது என்று அடுக்கிவைக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் அந்த நினைவு தேதி எழுதாத கடிதம் மாதிரி கிடக்கிறது. அதே வாசனை, அதே ஹாரன் சத்தம் வந்தால் “இன்றைக்கு வந்த கடிதம்” என்று நினைத்து உடம்பு எழுந்து நிற்கிறது.

சரி, வருடங்கள் போனாலும் அது ஏன் தானாக ஆறுவதில்லை? தவிர்ப்புதான் காரணம். உளவியலாளர் மவ்ரர் 1947லேயே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். பயம் ஒரு சம்பவத்தோடு ஒட்டிக்கொள்கிறது, தவிர்க்கத் தவிர்க்க அது நிலைத்துவிடுகிறது. காரில் ஏறாமல் திரும்பினால் உடனே நிம்மதி. அந்த நிம்மதியே “ஏறியிருந்தால் செத்திருப்போம், நல்லவேளை” என்று மூளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று கற்றுக்கொள்ள மூளைக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பதற்றமும் இதே வழியில்தான் வளர்கிறது.

இனி வரும் படிகள் எல்லாம் இந்தத் தவிர்ப்பை மெல்ல மெல்ல அவிழ்ப்பதற்குத்தான்.

படி 4: கால் ஊன்ற ஓர் இடம்

நினைவைத் தொடுவதற்கு முன், அதிலிருந்து திரும்பி வரத் தெரிய வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பவை எளிமையானவைதான். பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்வது. இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் சொல்வது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது. எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த பழைய பயிற்சி ஒன்றும் உண்டு: ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்த வேண்டும். இறுக்கமாகவே இருந்து பழகியவருக்குத் தளர்வு எப்படி இருக்கும் என்று அது காட்டிவிடும்.

பேச்சின் நடுவே சிலருடைய பார்வை நிலைகுத்தும், குரல் தட்டையாகும். ஆள் இங்கே இருப்பார், மனம் இருக்காது. அப்போது கதையை நிறுத்தி, கையில் குளிர்ந்த ஏதாவது ஒன்றைக் கொடுத்து, பெயர் சொல்லி அழைத்து இந்த அறைக்குக் கூட்டி வருவேன்.

இந்தப் படியில் மாதக்கணக்கில் தங்கிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூச்சுப் பயிற்சியே மெல்லத் தவிர்ப்பாக மாறிவிடும். “மூச்சுப் பயிற்சி செய்ததால்தான் தப்பித்தேன்” என்று ஒருவர் நம்பத் தொடங்கினால், பயம் உள்ளே அப்படியே பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று அமர்வு போதும். சிறு வயதிலிருந்து நீண்ட காலம் வதைபட்டவர்களுக்குக் கூடுதல் காலம் வேண்டியிருக்கலாம். அது ஆளைப் பொறுத்தது.

படி 5: பயத்தின் ஏணி

இப்போது அந்தப் பெண். அண்ணன் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், இவர் பக்கத்து இருக்கை. மழையில் எதிர்ப்பக்கம் வந்த லாரி தடுப்பைத் தாண்டி மோதியது. இருவரும் பிழைத்தார்கள். அண்ணன் இன்றும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். இவர் இரண்டு வருடமாகக் காரில் ஏறவில்லை.

ஒரு தாளில் 0 முதல் 100 வரை ஒரு கோடு போட்டோம். துளியும் பயமில்லை என்றால் 0, இதற்கு மேல் பயமே கிடையாது என்றால் 100. ஜோசஃப் வோல்ப் கொண்டுவந்த அளவுகோல் இது. அந்தப் பெண்ணின் ஏணி இப்படி அமைந்தது: நிற்கும் காரில் கதவைத் திறந்துவைத்து உட்காருவது 25. கதவைச் சாத்திக்கொள்வது 40. தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று 50. பெரிய சாலையில் பயணம் 70. பக்கத்தில் லாரி ஓடும்போது 85. விபத்து நடந்த சாலைச் சந்திப்பைக் கடப்பது 95.

கீழிருந்து தொடங்கினோம். வாரத்தில் பல நாள், ஒவ்வொரு படியிலும் போதுமான நேரம். முன்பெல்லாம் பயம் பாதியாகக் குறையும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வோம். இப்போது நான் வேறொன்றைக் கேட்கிறேன்: “ஏறுவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? என்ன நடந்தது?” அந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தில்தான் மூளை கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது வாரம் “ஏறினேன், ஆனால் பயம் குறையவே இல்லை” என்றார். எப்படி உட்கார்ந்திருந்தார் என்று காட்டச் சொன்னேன். வலது கை மேலே இருக்கும் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது, கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. உடல் காருக்குள் இருந்தும் அவர் இன்னும் தவிர்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வாரம் முதல் கையை மடியில் வைப்பது, அப்புறம் கண்ணைத் திறந்துவைப்பது என்று ஒவ்வொன்றாக விட்டார். அதற்குப் பிறகுதான் எண்கள் இறங்கின.

உண்மையிலேயே ஆபத்தானவை ஏணியில் ஏறக் கூடாது. அடிக்கும் ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பவரின் பயம் சரியான பயம். அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம்.

படி 6: நினைவுக்குள் போவது

எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சையில் ஓர் அமர்வு 90 நிமிடம், மொத்தம் 8 முதல் 15 அமர்வுகள். கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போல நிகழ்காலத்தில், சம்பவத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதை அலைபேசியில் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கடினமாகத்தான் இருக்கிறது. நானும் அதை எளிது என்று சொல்லி யாரையும் அழைத்துப் போவதில்லை.

முதல் முறை அந்தப் பெண் நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டார். “லாரியின் விளக்கு தெரிகிறது. அப்புறம் ஆஸ்பத்திரி.” நடுவில் இருந்த இருபது நிமிடத்தைக் காணோம். இப்படித் தாண்டிப் போகும் இடத்தில்தான் வலி இருக்கும். அடுத்தடுத்த அமர்வுகளில் அங்கே மெதுவாகப் போனோம். என்ன சத்தம் கேட்கிறது? “வைப்பர். எல்லாம் நொறுங்கிப்போச்சு, வைப்பர் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு.” உடம்பில் என்ன? “கால் மாட்டிக்கிச்சு. யாரும் வரமாட்டாங்க. இங்கேயே சாகப்போறேன்.” அந்த எண்ணம் இரண்டு வருடமாக அப்படியே உறைந்திருந்தது. மழை நாளில் எந்த வண்டியின் வைப்பர் சத்தம் கேட்டாலும் கை ஏன் சில்லிட்டது என்று அன்றைக்குத்தான் இருவருக்கும் புரிந்தது.

ஐந்தாம் முறை சொல்லும்போது நிறுத்தினார். “ஒரு கை… ஜன்னல் வழியா யாரோ கையை உள்ளே விட்டு என் தோளைப் பிடிச்சாங்க. வந்துட்டோம்மா, பயப்படாதேன்னு ஒரு குரல்.” அது அவர் நினைவில் எப்போதும் இருந்தது. அவர் அதுவரை போய்ப் பார்க்கத் துணியவில்லை. உளவியலாளர்கள் ஏலர்ஸும் கிளார்க்கும் 2000ல் எழுதிய சிகிச்சை முறையில் இந்த வேலை முக்கியமானது. மிக அதிகமாக வலிக்கும் அந்த நொடிக்குள், பிறகு தெரிந்துகொண்ட உண்மையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். “இங்கேயே சாகப்போறேன்” என்ற வரிக்குப் பக்கத்திலேயே “ஆள் வந்தார்கள், வெளியே எடுத்தார்கள், நான் இருக்கிறேன்” என்று அவரே சேர்த்துச் சொன்னார். தேதி இல்லாத கடிதத்தில் தேதி எழுதியது அங்கேதான்.

படி 7: சிக்கிக்கொண்ட எண்ணங்கள்

பயம் குறைந்த பிறகும் சிலருக்குக் கனம் குறையாது. அந்தப் பெண்ணுக்கு அது, “நான் பேச்சுக் கொடுக்காமல் இருந்திருந்தால் அண்ணன் கவனமாக ஓட்டியிருப்பான்.” பாட்ரிசியா ரெசிக் உருவாக்கிய அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சை, 12 அமர்வுகளில் இந்த மாதிரி எண்ணங்களைத்தான் பிடிக்கிறது. சம்பவம் ஏன் நடந்தது என்று நீங்கள் நம்புகிறீர்கள், அது உங்களையும் மற்றவர்களையும் உலகத்தையும் பார்க்கும் பார்வையை எப்படி மாற்றியது என்று முதலில் எழுதச் சொல்வார்கள்.

“உங்கள் மேல் தவறில்லை” என்று நான் சொல்லி எந்தப் பயனும் இல்லை. வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். கேள்விதான் கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருந்தபோது லாரி வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? காரில் பேசியபடி எத்தனை முறை பயணம் செய்திருக்கிறீர்கள்? தடுப்பைத் தாண்டியது யார்? ஒரு வட்டம் வரைந்து பொறுப்பைப் பங்குபோடச் சொன்னேன். லாரி, ஈரச் சாலை, விளக்கில்லாத சந்திப்பு எல்லாவற்றுக்கும் கொடுத்தபின் அவருக்கென்று ஒரு மெல்லிய கீற்றுதான் மிச்சம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பென்சிலால் அதையும் அடித்தார்.

ஈஎம்டிஆர் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். பிரான்சின் ஷாப்பிரோ 1989ல் வெளியிட்ட முறை அது. நினைவை மனதில் வைத்துக்கொண்டே சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் பின்தொடர்வார்கள். உலக சுகாதார நிறுவனம் இதையும் பரிந்துரைக்கிறது. கண் அசைவுதான் குணமாக்குகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. விரிவாகப் பேசவே முடியாதவர்களுக்கு நல்ல வழி இது. எந்த முறையாக இருந்தாலும், நினைவை நேராகச் சந்திக்கும் வேலை அதில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

படி 8: பதற்றத்துக்கான தனிப் பயிற்சிகள்

திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று தோன்றும் பேனிக் அட்டாக் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். இங்கே பயம் சொந்த உடம்பின் மேல். அதனால் அந்த உணர்வுகளை நாங்களே வரவழைப்போம். ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடுவது, நாற்காலியில் சுற்றுவது, ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு இழுப்பது. தலைசுற்றல் வரும், போகும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது.

“மயங்கி விழுந்துவிடுவேன்” என்பது பலரின் பயம். பேனிக்கில் ரத்த அழுத்தம் பொதுவாகக் கூடுவதால் மயக்கம் அரிது. ரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுகிறவர்கள் மட்டும் வேறு. அவர்களுக்கு அழுத்தம் சட்டென்று இறங்கும். அதனால் தசைகளைத் தளர்த்தாமல் இறுக்கக் கற்றுக்கொடுப்போம்.

ஓயாத கவலைக்கு, தினமும் ஒரே நேரத்தில் 20 நிமிடம் “கவலை நேரம்” ஒதுக்கச் சொல்வேன். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வரியாக எழுதிவைத்து, “மாலை ஆறு மணிக்குப் பார்க்கலாம்” என்று தள்ளிவைக்க வேண்டும். ஆறு மணிக்குத் தாளை எடுத்தால் பாதி வரிகளில் சூடு இருக்காது.

கெட்ட கனவுக்கும் ஒரு பயிற்சி உண்டு. கனவை எழுதி, முடிவை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி, அந்தப் புது வடிவத்தைப் பகலில் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. படுக்கப் போகும் முன் செய்ய வேண்டாம்.

மருந்து பற்றி

மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. செர்ட்ரலின், பராக்சிடின் போன்றவை பிடிஎஸ்டிக்கும் பதற்றத்துக்கும் உதவுகின்றன, சிகிச்சையோடு சேர்த்தும் எடுக்கலாம். உடனே அமைதிப்படுத்தும் பென்சோடயசிபின் வகை மாத்திரைகளைப் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைப்பதில்லை. பழக்கமாகிவிடும் என்பது ஒன்று, எதிர்கொண்டு கற்றுக்கொள்வதற்கும் அவை குறுக்கே நிற்கலாம். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

“அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே” என்று சொல்லாதீர்கள். அவர் நினைக்காமல் இருக்கத்தான் நாள் முழுக்கப் போராடுகிறார். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவருக்காக எல்லா இடத்துக்கும் நீங்களே போய்வந்துவிடுவது அன்புதான், ஆனால் தவிர்ப்பு அதில் ஊட்டம் பெறும். “நானும் கூட வர்றேன், போய்ட்டு வரலாம்” என்பது நல்ல உதவி.

சிகிச்சை நடுவில் தடுமாறும்போது

மூன்றாம் நான்காம் அமர்வுக்குப் பிறகு தூக்கம் கொஞ்சம் மோசமாகலாம். அப்போதுதான் பலர் நின்றுவிடுகிறார்கள். வர வேண்டாம் என்று தோன்றினால் அதையே வந்து சொல்லுங்கள், அதுவும் தவிர்ப்பின் குரலாக இருக்கலாம். சில சமயம் தவிர்ப்பது சிகிச்சையாளராகவும் இருப்பார். “இன்றைக்கு இவர் களைப்பாக இருக்கிறார், அடுத்த வாரம் பார்ப்போம்” என்று எனக்கும் தோன்றியதுண்டு. கேட்பதற்கு எனக்கே பயமாக இருந்தது என்பதுதான் அதற்குள் இருந்த உண்மை. அதனால் சேரும் முன்பே சிகிச்சையாளரிடம் கேளுங்கள்: எந்த முறையில் பயிற்சி பெற்றவர்? சுமார் எத்தனை அமர்வு? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? எட்டு பத்து அமர்வு போயும் எண்கள் அசையவில்லை என்றால், முறையை மாற்றுவது பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது.

படி 9: முடிப்பது

கடைசி அமர்வில் முதல் நாள் நிரப்பிய தாளையும் அன்றைய தாளையும் பக்கத்தில் வைப்போம். ஏணியையும் எடுப்போம். விபத்து நடந்த நாளும், முதல் மழையும் மறுபடி கனக்கலாம் என்று முன்பே பேசிவிடுவோம். ஒரு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் சந்திக்க நாள் குறிப்போம். அப்புறம், பழைய நிலை திரும்புவதன் முதல் அறிகுறி என்னவாக இருக்கும், வந்தால் என்ன செய்வது என்று அவரையே எழுதச் சொல்வேன். அந்தப் பெண் ஏணித் தாளின் பின்பக்கத்தில் எழுதியது இரண்டே வரி: “அந்தச் சந்திப்பைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தால், அந்த வாரமே இந்தத் தாளை எடு. மூன்றாவது படியிலிருந்து தொடங்கு.”